நடைபாதையில் முதலில் பார்க்க வேண்டியது மட்டம்

மழை ஓய்ந்த மறுநாள் எந்த ஊர்க் கடைவீதியிலும் பாருங்கள். நடைபாதை காலியாகக் கிடக்கும். சனம் தார் ரோட்டின் ஓரத்தில், பஸ்ஸுக்கும் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கும். "நம்மாட்களுக்கு நடைபாதையில் நடக்கத் தெரியாது" என்று சொல்பவர்கள் உண்டு. ஐம்பதடிக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டிய பாதையில் யார்தான் நடப்பார்கள்? மூட்டுவலிக்காரர்கள் ஏறவே முடியாது.

சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) என்ற அமைப்பின் ஐஆர்சி 103 வழிகாட்டி, ரோட்டுக்கும் நடைபாதைக்கும் உள்ள உயர வித்தியாசம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊர்களில் 300, 400 மி.மீ. சாதாரணம். காரணம் பெரும்பாலும் நடைபாதைக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் வடிகாலைக் கட்டி, அதன் மூடு சிலாப்பையே நடைபாதையாக்குவது நம் பழக்கம். தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலின் மட்டம் உயரமாக இருந்தால் வடிகாலின் அடிமட்டத்தை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. அப்போது சுவரும் சிலாப்பும் ரோட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். வடிகாலை அகலமாக்கி ஆழத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம். ஆனால் அதை வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். கம்பி கட்டி கான்கிரீட் போட்டபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் 40 மி.மீ. புதிதாகப் போட்டால், நான்காவது முறையில் 150 மி.மீ. கெர்ப், அதாவது நடைபாதையின் ஓரக்கல், ரோட்டோடு ரோடாகிவிடும். அப்புறம் பைக்குகள் ஏறும், ரோட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும். மில்லிங் செய்துவிட்டுத்தான், அதாவது பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான், மறுதார் போட வேண்டும் என்று 2021-லேயே தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது மில்லிங் இயந்திரம் வந்ததா என்று கேளுங்கள்.

உயரம் கூடினால் என்ன ஆகிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும். 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் போதும். 300 மி.மீ. என்றால் 3.6 மீட்டர். இரண்டு மீட்டர் அகல நடைபாதையில் அதற்கு இடமேது? ஒப்பந்ததாரர் இருக்கிற இடத்துக்குள் செங்குத்தாக ஒன்றைப் போட்டு முடித்துவிடுவார். அதில் நாற்காலி பின்பக்கமாகச் சாயும்.

வீட்டு வாசல்களிலும் இதே சிக்கல்தான். கார் ஏறி இறங்க நடைபாதை முழுவதையும் வெட்டிப் பள்ளமாக்குகிறார்கள். பாதையை அதே மட்டத்தில் தொடரவிட்டு, கெர்ப் ஓரத்தில் மட்டும் காருக்குச் சின்னச் சரிவு கொடுத்தால் போதும். ஏறி இறங்க வேண்டியது வண்டி, மனிதர் அல்ல.

அகலத்தைப் பொறுத்தவரை குறைந்தது 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். 1.8 என்பது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே ஒதுங்காமல் போவதற்கான அளவு. வரைபடத்தில் 1.8 என்று காட்டிவிட்டு அதற்குள்ளேயே மின்கம்பம், பில்லர் பாக்ஸ் எனப்படும் மின்பெட்டி, மரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. கம்பமும் மரமும் தள்ளுவண்டியும் கெர்ப் ஓரப் பட்டைக்குரியவை. நடக்கும் பட்டையை அதற்கு அப்பால் அளக்க வேண்டும். வியாபாரிகளை விரட்டுவது தீர்வாகாது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவுடன் பேசி, அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறிக்கலாம்.

இனி பேவர் பிளாக். சில மாதங்களிலேயே ஆடத் தொடங்கும் கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். அநேகமாக அடியில் நாலைந்து அங்குல மணல் இருக்கும். அடித்தளத்தைச் சரியாக மட்டம் பிடிக்காமல், பள்ளத்தை மணலால் நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்ணை நன்றாக இறுக்கி, அதன்மேல் 100 மி.மீ. அளவுக்கு ஜல்லியோ சிமெண்ட் குறைவாகக் கலந்த மெலிந்த கான்கிரீட்டோ போட்டு, அங்கேயே மட்டத்தையும் 50-க்கு 1 சரிவையும் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு மேலே மணல் 25 முதல் 40 மி.மீ. வரை, எல்லா இடத்திலும் ஒரே கனத்தில். ஜல்லி உடைக்கும்போது வரும் கிரஷர் தூசி வேண்டாம். தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகிவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. விட்டு, உலர்ந்த நைஸ் மணலைக் கூட்டித் தள்ளி, அதிர்வால் இறுக்கும் பிளேட் வைப்ரேட்டர் இயந்திரத்தை ஓட்டி, மறுபடியும் மணல் தள்ள வேண்டும். இடைவெளியில் சிமெண்ட் பால் ஊற்றினால் கல் விறைத்துப்போய், லேசாக இறங்கினாலும் விரிசல் விடும். ஓரத்தில் கெர்ப் உறுதியாக இல்லாவிட்டால் கடைசி வரிசை வெளியே நகரும், அதன்பின் ஒவ்வொரு வரிசையாக இளகும். ஆள் நடமாட்டத்துக்கு 60 மி.மீ. கல் போதும், கார் ஏறும் வாசலில் 80 மி.மீ. போடுங்கள்.

பார்வையற்றவர்களுக்குக் காலால் தொட்டுணர்ந்து வழி அறியப் பதிக்கும் மஞ்சள் நிறத் தொடுகல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1967-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்ட இந்தக் கல்லில் கோடு என்றால் "போகலாம்", புள்ளி என்றால் "நில், கவனி". அழகுக்காகப் பதிப்பதாக நினைத்து, அதை நேராகக் கொண்டுபோய் மின்பெட்டியில் முட்டவிடுகிறார்கள். பார்வையற்றவர் அதை நம்பித்தான் காலெடுத்து வைக்கிறார். தடை இருந்தால் முன்கூட்டியே புள்ளிக் கல் போட்டு, பாதையைத் திருப்பிவிட வேண்டும்.

கட்டிய பிறகு நடைபாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தோண்டல். குடிநீர், மின்சாரம், கேபிள் என்று ஆளாளுக்கு வெட்டுகிறார்கள். வேலை தொடங்குமுன் எல்லாத் துறைகளையும் கூட்டி, சோதனைக் குழி போட்டு, பழைய குழாய்களைக் கண்டறிந்து, எதிர்காலக் கேபிளுக்கு இரண்டு காலிக் குழாய்களைப் புதைத்துவிட்டால் பாதி தோண்டல் குறையும். அப்படியும் வெட்ட நேர்ந்தால், குழியை ஒரேயடியாக மண் தள்ளி மூடாமல் 150 மி.மீ. அடுக்காக இறுக்கி மூட வேண்டும். மேலே மட்டும் கல் பதித்த குழி அடுத்த மழையில் அமுங்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருகிறார்கள். அள்ளிய சேற்றை நடைபாதையிலேயே குவித்துவிட்டுப் போனால் மழை அதை மறுபடி உள்ளே தள்ளும். அன்றன்றே லாரியில் ஏற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். திறந்த மூடிகளை அதே நாளில் மூடுவதும் அதில் இருக்கட்டும்.

தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. எனவே தயங்காமல் கேளுங்கள். புகார் எழுதும்போது "நடைபாதை சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். டேப் வைத்து அளந்து, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரில், உயரம் எத்தனை மி.மீ., தடை போக மிஞ்சிய அகலம் எத்தனை என்று எழுதி, டேப் தெரியும்படி எடுத்த படத்தையும் சேருங்கள்.