டெலிட் செய்தும் இடம் தராத டிவிடி

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "முதல் நாள் முழு பேக்கப், பிறகு தினமும் மாறிய ஃபைல்கள் மட்டும் என்று டிவிடி-ஆர்டபிள்யூவில் ஏற்றுகிறேன். பழையதை டெலிட் செய்தாலும் இடமில்லை என்கிறதே, ஏன்?"

டிவிடி-ஆர்டபிள்யூ என்பது அழித்து மறுபடி எழுதக்கூடிய டிவிடி. முதலில் அந்த டிஸ்கின் உள்ளே போவோம். அங்கே வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் கலந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது நடந்துகொள்ளும் விதம் சர்க்கரைப் பாகு மாதிரி. கொதிக்கும் பாகைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் கண்ணாடி போல் இறுகும். அதையே நூல் கட்டி நாள்கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு. பொருள் ஒன்றுதான், ஆறும் வேகம்தான் வேறு. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் முழுச் சக்தியில் பாய்ந்தால் அந்தப் புள்ளி உருகி, நானோநொடிகளில் உறைகிறது. அணுக்களுக்கு வரிசை கட்ட நேரமில்லை. கண்ணாடி நிலை, ஒளியைக் குறைவாகத் திருப்பும். நடுத்தரச் சக்தியில் சூடாக்கினால் உருகாது, ஆனால் அணுக்கள் வரிசைக்கு வந்துவிடும். கற்கண்டு நிலை, பளிச்சென்று திருப்பும். இந்த வித்தியாசத்தைத்தான் டிரைவ் தகவலாகப் படிக்கிறது. சக்தியை ஏற்றி இறக்கிக்கொண்டே ஒரே ஓட்டத்தில் பழையதை அழித்துப் புதியதை எழுதலாம் என்பதுதான் இதில் அழகு. இப்படிப்பட்ட பொருள்களின் நிலைமாற்றத்தை ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1968-இல் வெளியிட்டபோது டிவிடி என்ற சொல்லே கிடையாது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அழிக்க முடிகிற படலம்தான் என்றால் இடம் எங்கே போனது? செஷன் செஷனாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஒரு தனித் தொகுப்பாக, ஏற்றும்போது டெலிட் என்பது அடுத்த செஷனின் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது மட்டுமே. ஃபைல் இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும். அந்த இடம் திரும்ப வேண்டுமானால் டிஸ்க் முழுவதையும் அழித்தாக வேண்டும். இதில் ஒரு பொறி: 'விரைவு அழிப்பு' தொடக்கப் பகுதியை மட்டும் துடைக்கும். அப்படித் துடைத்த டிவிடி-ஆர்டபிள்யூவில் பொதுவாக ஒரே மூச்சில்தான் எழுத முடியும், நாள்தோறும் சேர்க்க முடியாது. முழு அழிப்பே செய்யுங்கள்; 4எக்ஸ் வேகத்தில் (அடிப்படை வேகத்தைப் போல் நான்கு மடங்கு) கால் மணி நேரம் ஆகும். கோடுக்குப் பதில் கூட்டல் குறி போட்ட டிவிடி+ஆர்டபிள்யூ வகையை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பழையதன் மேலேயே எழுதலாம்.

அடுத்து கணக்கு. உறையில் 4.7 ஜிபி, கணினி காட்டுவது 4.38; உறை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கணினி 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். முழு பேக்கப் 1.6 ஜிபி என்றால் மீதி 2.78. கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் 350 எம்பி ஃபைல் ஒன்றில் வைத்திருந்தால், ஒரே ஒரு பில் போட்டாலும் அந்த முழு ஃபைலும் 'மாறியது' ஆகிவிடும். எட்டு நாளில் டிஸ்க் நிரம்பும். செஷன்களுக்கு நடுவே வீணாவதையும் சேர்த்தால் ஏழு என்றே வையுங்கள். மாம்பழ சீசனில் ஃபைல் பெருத்தால் அதுவும் குறையும். அந்த ஒரு ஃபைலை மட்டும் ஜிப் செய்து ஏற்றினால் பெரும்பாலும் நன்றாகச் சுருங்கும்.

மூன்று டிஸ்க் போதும், வாரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் முதலில் முழு பேக்கப், பின்னால் அந்த வாரத்து மாற்றங்கள். புது டிஸ்கில் முழு பேக்கப் ஏறி, சரிபார்த்தும் முடிந்த பிறகே மிகப் பழையதை அழியுங்கள். முழு பேக்கப்பை அழித்துவிட்டு அன்றாட மாற்றங்களை மட்டும் வைத்திருப்பது அடி மரத்தை வெட்டிவிட்டுக் கிளையில் ஏறுவது. நடுவில் ஒரு நாள் படிக்காமல் போனாலும், அன்றைக்கு மட்டும் மாறிய ஃபைல்கள் போனதுதான்.

சுமார் 1,000 முறை எழுதலாம் என்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அழித்தால் அந்த எண்ணிக்கைக்கு முன் கீறலே டிஸ்கைக் கொன்றுவிடும். ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் எல்லாம் கணினிப் பெட்டியோடு நிற்கட்டும், டிஸ்கில் வேண்டாம். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும். மார்க்கரால் தேதியை மேற்பக்கத்தில் எழுதினால் போதும்.