மூச்சு வழி வந்த வைரஸுக்கு வயிற்றில் என்ன வேலை?

2020 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 35 வயது ஆண் ஒருவருக்கு கொரோனா உறுதியானது. அந்த நாட்டில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி அவர். இருமல், காய்ச்சலோடு இரண்டு நாளாகக் குமட்டலும் வாந்தியும் இருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாள் வயிற்றாலும் போனது. மலத்தைப் பரிசோதித்தார்கள், அதிலும் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ இருந்தது.

நுரையீரல் நோய்க்கு வயிறு ஏன் கலங்க வேண்டும்? வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் ஏசிஇ2. சிறுகுடலின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு செல்லின் தலையிலும் பிரஷ் முடி போல மெல்லிய இழைகள் நெருக்கமாக நிற்கும். நாம் தின்ற சோறும் பருப்பும் செரித்து உள்ளே போவது அந்த வழியாகத்தான். ஏசிஇ2 அங்கே நுரையீரலைவிட அதிகமாக மண்டிக் கிடக்கிறது. புரதச் சத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களை உள்ளே இழுக்கும் இன்னொரு புரதத்துக்குத் துணை நிற்பது அதன் அன்றாட வேலை. வைரஸுக்கு அதுவே கதவு. 2020லேயே நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் மனிதக் குடல் செல்களைக் குட்டிக் குடலாக வளர்த்து, அவற்றுக்குள் வைரஸ் பெருகுவதைக் காட்டிவிட்டார்கள். இப்படித் தாக்கப்பட்ட செல்கள் நீரையும் உப்பையும் சரியாக உறிஞ்சாததால்தான் பேதி ஆகிறது என்பது ஒரு விளக்கம்.

சரி, வயிற்றுக்கோளாறு வந்தால் நோய் முற்றுமா? இங்கேதான் குழப்பம். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 204 நோயாளிகளைப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயிற்றுத் தொல்லை இருந்தது. (அதில் பெரும்பங்கு பசியின்மை. காய்ச்சல்காரர் எவருக்குத்தான் பசிக்கும்?) ஆய்வு நடந்தபோது வயிற்றுத் தொல்லை இருந்தவர்களில் குணமாகி வீடு திரும்பியவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததே நோய் தொடங்கிச் சராசரியாக 9 நாள் கழித்து, மற்றவர்கள் 7.3 நாளில் வந்துவிட்டார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்துவிடுவது எந்த ஊரிலும் நடப்பதுதானே. தாமதமாக வந்தவர் தாமதமாகத்தான் வீடு திரும்புவார்.

அப்புறம் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து வந்த கணக்கு நேர்மாறாக இருந்தது. அங்கே சேர்க்கப்பட்டவர்களில், வயிற்று அறிகுறி உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். அவர்களுடைய ரத்தத்தில் ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்களும் குறைவு. உடலின் எதிர்ப்பு எல்லை மீறிப் பொங்குவதுதான் கொரோனாவில் பலரைக் கொன்றது. குடல் அந்தக் கொந்தளிப்பைக் கொஞ்சம் தணிக்கிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். பேதியை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது போதாது. நீர்ச்சத்து வற்றினால் அது தனி ஆபத்து. ஓஆர்எஸ் கரைசலைக் குடித்தே ஆக வேண்டும்.

மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் தடயம் மறைந்த பிறகும் சிலருடைய மலத்தில் அது வாரக்கணக்கில் தெரிந்தது. தெரிவது ஆர்என்ஏ துண்டுகள்தான். உயிருள்ள வைரஸ் அரிது. அந்தத் துண்டுகளைத் தேடித்தான் 2020இல் ஹைதராபாதின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் சாக்கடை நீரை அள்ளிப் பரிசோதித்தார்கள். நகரத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அதை வைத்தே கணக்குப் போட்டார்கள், ஒருவர் மூக்கிலும் குச்சி விடாமல்.