புகைப்பழக்கத்தைக் கைவிட இ-சிகரெட்: சட்டம் தடுப்பது எது, அரசு தருவது எது

கோவை, திருப்பூர்ப் பக்கம் பேக்கரி என்பது ரொட்டி வாங்கும் கடை மட்டுமன்று. ஷிஃப்ட் முடிந்து வருபவரும், லாரியை ஓரம் கட்டியவரும், கல்லூரி மாணவரும் தேநீருக்காக நிற்கும் இடம் அது. தேநீரோடு சிகரெட்டும் பற்றிக்கொள்ளும் இடமும் அதுதான் என்பதால், சிகரெட்டை விடுவது பற்றிய பேச்சும் பெரும்பாலும் அங்கேயே நடக்கிறது. அண்மைக்காலமாக அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்ணா, லண்டன்ல டாக்டருங்களே வேப் குடுத்து சிகரெட்ட நிறுத்தச் சொல்றாங்களாமா, நெசந்தானுங்களா?" நிஜந்தான். வேப் என்பது இ-சிகரெட்டின் இன்னொரு பெயர்; திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உள்ளிழுக்க வைக்கும் மின்னணுக் கருவி. ஆனால் அந்த நிஜத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் இ-சிகரெட் வாங்கக் கிளம்பினால், இந்தியச் சட்டம் அந்த விற்பனையைக் குற்றமாகவே பார்க்கும். சிகரெட்டை விட விரும்புபவருக்கு அரசு தரும் உதவிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி பேக்கரியில் யாரும் பேசுவதில்லை என்பதே இதை எழுதக் காரணம்.

முதலில் இங்கிலாந்துக் கதையை முழுதாகப் பார்த்துவிடலாம். புகைப்பவர்கள் சிகரெட்டுக்குப் பதிலாக இ-சிகரெட்டுக்கு மாறுவதற்காக, 10 லட்சம் பேருக்கு அக்கருவியை ஆலோசனையுடன் வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2023 ஏப்ரலில் அறிவித்தது. அங்கே 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் இ-சிகரெட் பெற்ற குழுவில் 18 விழுக்காடும், நிகோடின் கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்ற நிகோடின் மாற்றுச் சிகிச்சையைப் பெற்ற குழுவில் 9.9 விழுக்காடும் இருந்தனர். இந்த எண்ணை மறைப்பது நேர்மையாகாது. அதே ஆய்வு சொல்லும் இன்னும் இரண்டு செய்திகளை விட்டுவிடுவதும் நேர்மையாகாது. அப்படி விட்டவர்களில், இ-சிகரெட் குழுவினர் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தனர். மற்றக் குழுவில் கம்மையோ பேட்ச்சையோ தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. மேலும், இரு குழுவினருக்குமே ஆலோசகர் ஒருவர் வாரந்தோறும் நேரில் பேசி வழிகாட்டியிருக்கிறார். அதாவது, கருவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு யாரையும் அனுப்பிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியோ நிகோடின் மாற்றுச் சிகிச்சையையும், வரெனிக்லின், புப்ரோபியான், சிட்டிசின் ஆகிய மருந்துகளையும், ஆலோசனையையும் பரிந்துரைக்கிறது. இ-சிகரெட் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. இதன்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரப்படுத்துவது ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சரக்கை இருப்பு வைக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காவல் துறையில் உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து மேலே உள்ளவர்கள் நடவடிக்கை எடுக்க அதிகாரம் பெற்றவர்கள்.

இச்சட்டத்தில் மிகக் கவனமாக எழுதப்பட்ட பகுதி, இ-சிகரெட் என்றால் என்ன என்று சொல்லும் பகுதிதான் என்பேன். ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் எந்த மின்னணுக் கருவியும், அதில் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசனை சேர்த்திருந்தாலும் சேர்க்காவிட்டாலும், எந்தப் பெயரில் எந்த வடிவில் வந்தாலும், இ-சிகரெட்டே என்கிறது சட்டம். புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகளும் இ-ஹூக்காவும் இதில் அடங்கும். ஆகவே, "இதுல நிகோடினே கெடயாதுங்க, வெறும் ஃபிளேவர்தான்" என்று பேனா போலவோ பென்டிரைவ் போலவோ இருக்கும் கருவியைக் கல்லூரி விடுதிக்குக் கொண்டுவந்து விற்பவரின் வாதம் செல்லாது. இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்குவதும் தடைசெய்யப்பட்ட விற்பனையில் பங்கெடுப்பதே. ஷார்ஜாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கோவை விமான நிலையத்தில் வந்து இறங்குபவர், சொந்த உபயோகத்துக்கு ஒன்றுதானே என்று பெட்டியில் வைத்து வந்தாலும் அது இறக்குமதிதான். அளவு குறைவு என்பதற்காகச் சட்டம் விலக்குத் தரவில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இ-சிகரெட்டை இழுப்பவரைத் தண்டிப்பதற்கென்று தனிப் பிரிவு இச்சட்டத்தில் கிடையாது. அதைச் சிலர் அனுமதியாகப் புரிந்துகொள்கிறார்கள். வாங்க, விற்க, கொண்டுவர வழியே இல்லாத ஒரு பொருளுக்கு அது எப்படி அனுமதியாகும் என்பது தெரியவில்லை.

சட்டத்துக்கு அப்பாற்பட்ட கேடு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் விற்கும் கருவியில் நிகோடின் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. இங்கே மறைவாகக் கைமாறும் கருவிக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று சோதித்துச் சொல்ல யாரும் இல்லை. அமெரிக்காவில் 2019-20-இல் வேப் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டு 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்ததும் 68 பேர் இறந்ததும் பதிவாகியுள்ளன. பெரும்பாலும் அதற்குக் காரணம் சாதாரண நிகோடின் திரவம் அல்ல. கஞ்சா எண்ணெயோடு கள்ளச் சந்தையில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட். பஞ்சுத் தூசியில் வேலை செய்து ஏற்கெனவே நெஞ்சு இறுகி இருமுபவர்களுக்கு, புகையைப் போலவே, இன்னதென்று தெரியாத இந்த ஆவியும் சோதித்துப் பார்க்கக் கூடாத ஒன்றே.

இ-சிகரெட்டின் ஆதரவாளர்கள் சொல்லும் முக்கிய நன்மை, தார் எண்ணெயும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் நிகோடின் மட்டும் உடலுக்குக் கிடைக்கிறது என்பது. அந்த நன்மை சட்டப்படியான மருந்தாக இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. நிகோடின் மாற்றுச் சிகிச்சை 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. 2 மில்லிகிராம் நிகோடின் கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு மருத்துவரின் சீட்டு தேவை. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராமும், அதற்குப் பிறகு பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராமும் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு.

கம் வாங்கியவர்களில் பலர், இது வேலை செய்யவில்லை, விக்கல்தான் வருகிறது என்று இரண்டே நாளில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அதைப் பபுள்கம் போல விடாமல் மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலையும் குமட்டலையும் தரும். உடலுக்குச் சேர வேண்டியது சேராது. மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரம் இப்படிச் செய்யலாம். தேநீர், காபி, பழச்சாறு குடித்த கையோடு கம் போட்டால் வாயில் நிகோடின் உறிஞ்சப்படாது; கால் மணி நேர இடைவெளி வேண்டும். பேக்கரியில் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே கம் மெல்பவருக்கு அது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இதுதான். முதல் ஆறு வாரங்கள் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, மெல்லக் குறைத்துப் பன்னிரண்டாவது வாரத்தில் நிறுத்துவது வழக்கமான முறை. நாள் முழுவதும் சீராக நிகோடின் தரும் பேட்ச்சைத் தோலில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. புப்ரோபியான் மாத்திரையை, வலிப்பு நோய் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளவே கூடாது.

மருந்தை விடவும் பலரும் தவறவிடுவது ஆலோசனையை. தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. 2016 மே மாதம் தில்லியில் தொடங்கப்பட்டு, பின்னர் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கும் விரிவாக்கப்பட்ட இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் ஒவ்வொரு சிகரெட், பீடிப் பொட்டலத்தின் மீதும் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட்டு வருகிறது. நாள்தோறும் கையில் எடுக்கும் பெட்டியிலேயே எண் இருந்தும் அதைப் படித்தவர்கள் குறைவு. அழைப்பவரிடம் எத்தனை ஆண்டுப் பழக்கம், எப்போதெல்லாம் கை போகிறது, முன்பு விட முயன்றதுண்டா என்று கேட்டு, விடுவதற்கு ஒரு நாளைக் குறித்து, அதன்பின் ஆலோசகரே திரும்பவும் அழைத்து நிலையை விசாரிப்பார்.

நேரில் பேச விரும்புபவர்களுக்கு, தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புகையிலைப் பழக்க மீட்பு மையங்கள் செயல்படுகின்றன. வெளிநோயாளி சீட்டுப் பெறும் இடத்தில், சிகரெட்டை விடுவதற்கான ஆலோசனைக்கு வந்திருப்பதாகச் சொன்னால் வழி காட்டுவார்கள். ஆலோசனை இலவசம், கம் போன்ற மருந்து கையிருப்பைப் பொறுத்தது என்பதால், இல்லாதபோது சீட்டு எழுதித் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இருந்தும் தொடங்கலாம்.

ஏற்கெனவே வேப்புக்கு மாறிவிட்டு, இப்போது அதையும் விட முடியாமல் தவிப்பவர்களும் இதே எண்ணை அழைக்கலாம்; அதுவும் நிகோடின் பழக்கமே. எத்தனை முறை இழுக்கிறார், எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் இழுக்கிறார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் கம்மின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியும். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை உதவி எண் இயங்கும், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கு இந்த நேரம் நன்றாகவே பொருந்துகிறது. ஞாயிறு காலையிலேயே அழைத்துவிடலாம்.