உடைத்தால்தான் வரும் ருசி

செர்ரி மரத்து இலையைப் பறித்து முகர்ந்து பார்த்தால் எந்த இலையிலும் வரும் பச்சை வாசம்தான் வரும். பூவும் அப்படித்தான். ஜப்பானில் வசந்த காலம் முழுக்க அந்தப் பூவைச் சுற்றியே நடக்கிறது என்றாலும், மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் குளிர் குறையத் தொடங்கியதும் அங்குள்ள கடைகளில் சகுரா (செர்ரிப் பூவுக்கு ஜப்பானியப் பெயர்) மிட்டாய், சகுரா சாக்லேட், சகுரா ஐஸ்கிரீம் என்று இளஞ்சிவப்பாக அடுக்கிவிடுவார்கள். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டால் தெளிவாக ஒரு வாசம் எழும்: கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் பாதாம், கொஞ்சம் காய்ந்த வைக்கோல். பூவிலேயே இல்லாத வாசம் பூவின் பெயரில் விற்கும் மிட்டாய்க்குள் எப்படி வந்தது?

எசன்ஸாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். எசன்ஸ் சேர்ப்பதும் உண்டுதான். ஆனால் அந்த எசன்ஸ் எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று தேடிப் போனால், உப்பில் இலைகளை ஊறப்போட்ட ஒரு மரப் பீப்பாயில் போய் நிற்போம்.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலம். சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி என்றொரு கோயில். அதன் வாயில்காவலர் யமமோட்டோ ஷின்ரோகு, கரையோர செர்ரி மரங்களிலிருந்து கொட்டும் இலைகளைக் கூட்டிக் கூட்டிச் சலித்துப்போய், அவற்றை உப்பில் ஊறவைத்து, உள்ளே பயறு விழுது வைத்த பலகாரத்தை அதில் சுற்றி 1717இல் விற்கத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள். அதுதான் சகுராமொச்சி. கடை இன்றும் அங்கே இருக்கிறது. டோக்கியோ பக்கம் மாவை மெல்லிய அடையாகச் சுட்டுச் சுருட்டுவார்கள். கியோட்டோ, ஒசாகா பக்கம் ஒட்டரிசியைக் குருணையாக்கி அவித்து உருட்டுவார்கள். இரண்டிலும் மேலே சுற்றுவது அதே உப்பிலைதான்.

அந்த இலைகளில் பெரும்பங்கு ஷிசுவோகா மாகாணத்தில், இசு தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள மட்சுசாகி என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. ஓஷிமா செர்ரி என்ற வகை. மரத்தை உயரமாக வளரவிடாமல் ஆண்டுதோறும் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் துளிர்க்கும் கொம்புகளில் இளசான, பெரிய இலைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கிடைக்கும். கோடையில் பறித்து, 50 இலைகளை ஒரு கட்டாகக் கட்டி, ஆள் உயரப் பீப்பாய்களில் உப்போடு அடுக்கி, மேலே பாரம் ஏற்றி மூடிவிடுவார்கள். ஏறக்குறைய அரை வருடம். பச்சை இலை பழுப்புக் கலந்த பொன்னிறமாகி வெளியே வரும்போது அந்த வாசம் வந்திருக்கும்.

பீப்பாய்க்குள் நடப்பது இதுதான். உயிருள்ள இலையின் செல்லுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அதோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை ஒட்டியிருக்கும்வரை அது நீரில் கரைந்து கிடக்கும், ஆவியாகாது. ஆவியாகாத எதையும் மூக்கு அறியாது. அந்தச் சர்க்கரையை வெட்டிவிடக்கூடிய நொதியும் அதே இலையில் உண்டு, ஆனால் வேறு அறையில். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியாக இருக்கும்வரை வாய் சிவக்காதது போலத்தான். உப்பு செல்லிலிருந்து நீரை உறிஞ்சி, அதன் சுவர்களைக் குலைக்கிறது. அறைகள் கலக்கின்றன. நொதி வந்து சர்க்கரையை வெட்டுகிறது. விடுபட்ட மிச்சம் அப்படியே நிலைத்து நிற்காது. தன் ஒரு முனையை இன்னொரு முனையோடு பிணைத்துக்கொண்டு தானாகவே ஒரு வளையமாக மூடிக்கொள்ளும். அந்த வளையத்தின் பெயர் கூமரின். நாம் சகுரா என்று அறியும் வாசம் அதுதான்.

பறித்த இலையைக் கசக்கிச் சற்று நேரம் உலரவிட்டாலும் லேசாக அதே வாசம் வரும். காரணமும் அதேதான், செல் உடைந்துவிட்டது. இலைக்கு இது தற்காப்பு. மென்று பார்க்க வரும் புழுவுக்குக் கசப்பு. நமக்கு இனிப்பின் வாசம்.

சகுராமொச்சியை இலையோடு சாப்பிடுவதா, உரித்துவிட்டுச் சாப்பிடுவதா என்று ஜப்பானியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என்னைக் கேட்டால் இலையோடுதான். முதல் கடியில் நாக்கில் உப்பு படுகிறது, நரம்பு பல்லில் மெல்ல அறுபடுகிறது, அப்புறம் பயறின் இனிப்பு வருகிறது. கடைசியில் மூச்சை வெளியே விடும்போது மூக்கின் பின்புறத்திலிருந்து கூமரின் எழும். உரித்துவிட்டால் வாசம் மிஞ்சும், உப்பு போய்விடும். உப்பில்லாமல் அந்த இனிப்பு தட்டையாக இருக்கிறது.

கூமரின் செர்ரிக்கு மட்டும் சொந்தமில்லை. 1820இல் அதைத் தென் அமெரிக்காவின் டோங்கா விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1868இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் ஆய்வகத்தில் செய்து காட்டினார், அது வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போனது. வெட்டிக் காயவைத்த புல்லில் வரும் இதமான வாசமும் இதுவே. அமெரிக்கக் கண்டத்தில் 1920களில், பூஞ்சை பிடித்த இனிப்பு குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. குளோவரில் இருந்த கூமரினைப் பூஞ்சை, ரத்தத்தை உறையவிடாத டைகூமராலாக மாற்றியிருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான், இதய நோயாளிகள் பலர் இன்று சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை வந்தது. கூமரினுக்கே ரத்தத்தை இளக்கும் குணம் கிடையாது, இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அளவுக்கு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. தனிக் கூமரினை உணவில் சேர்க்க அமெரிக்கா 1954இல் தடை போட்டது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். எப்போதோ ஒரு சகுரா மிட்டாய் சாப்பிடுபவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தினமும் பட்டைத் தூளைக் கரண்டி கரண்டியாகக் கலக்கிக் குடிப்பவர்தான் யோசிக்க வேண்டும். கடையில் தடித்துக் கிடைக்கும் காசியா பட்டையில் கூமரின் நிறைய. இலங்கையின் மெல்லிய, சுருள் சுருளான கறுவாவில் மிகக் குறைவு.

அடுத்து வசாபி, ஜப்பானியர்கள் மீனோடு தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுதைத் தரும் செடி. இளம்பச்சை நிறத்தில் வசாபி கிட்காட் என்று ஒன்று உண்டு. ஜப்பானில் கிட்காட் 1973 முதல் விற்கிறது, இதுவரை 300க்கும் மேற்பட்ட ருசிகளில் வந்திருக்கிறது. பலவும் குறிப்பிட்ட ஊருக்கோ பருவத்துக்கோ மட்டுமானவை. வசாபி கிட்காட், ஷிசுவோகாவில் 1875 முதல் வசாபி ஊறுகாய் விற்கும் தமருயா என்ற கடையோடு சேர்ந்து செய்தது. அந்த மாகாணத்தில் மலையோடைகளைப் படிப்படியாகக் கட்டி, ஓடும் குளிர்ந்த நீரிலேயே வசாபி பயிரிடுகிறார்கள். அந்த விவசாய முறையை 2018இல் உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தார்கள்.

வசாபித் தண்டைச் சும்மா கடித்தால் உடனே பெரிய காரம் தெரியாது. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்டம் வட்டமாகத் தேய்த்தால்தான் மூக்கில் ஏறும். செர்ரி இலையில் பார்த்த அதே ஏற்பாடுதான் இங்கும். சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையில், மைரோசினேஸ் என்ற நொதி இன்னோர் அறையில். இங்கும் சினிக்ரினோடு ஒட்டியிருக்கும் குளுக்கோஸைத்தான் நொதி வெட்டுகிறது. மிச்சம் அல்லைல் ஐசோதயோசயனேட்டாக மாறுகிறது. செல்கள் எவ்வளவு நொய்யாக உடைகின்றனவோ அவ்வளவு காரம். அதனால்தான் பொறுமையாக, மெதுவாகத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

நம் கடுகிலும் இருப்பது இதே சினிக்ரின், இதே நொதி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பழமொழி சொல்கிறோம். தாளித்த கடுகை மென்று பார்த்தால் அந்தக் காரத்தைக் காணோம். கொதிக்கும் எண்ணெயில் நொதி அழிந்துவிட்டது, வெட்ட ஆளில்லை. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால்தான் அது தன் குணத்தைக் காட்டும். வசாபி தெரியாதவர்களுக்கு அதைப் புரியவைக்க ஆவக்காயில் போடும் கடுகுத்தூளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மிளகாயின் கேப்சைசின் எளிதில் ஆவியாகாது, நாக்கிலேயே உட்கார்ந்து எரிக்கும். ஐசோதயோசயனேட் ஆவியாகி மூக்குக்கு ஏறும், அங்குள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிஏ1 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்பும், சில நொடிகளில் போயும்விடும். தூங்குகிறவரையும் எழுப்பும் அளவுக்கு வேகம் அதற்கு. வசாபி ஆவியை அறைக்குள் விட்டுத் தீ விபத்து எச்சரிக்கை கொடுக்கும் கருவியைச் செய்த ஜப்பானியக் குழுவுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2011இல் கிடைத்தது. காது கேளாதவர்களுக்கு உதவும் என்ற நோக்கத்தில் செய்த வேலை அது.

சரி, இவ்வளவு சீற்றம் உள்ள பொருள் சாக்லேட்டுக்குள் எப்படி இவ்வளவு சாதுவாக இருக்கிறது? கொழுப்புதான் காரணம். அல்லைல் ஐசோதயோசயனேட் நீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் சுலபமாகக் கரையும். வெள்ளை சாக்லேட்டின் கோகோ வெண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த வெண்ணெய் உருகுவது 34 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், அதாவது வாய்க்குள் போன பிறகு. உருகிய பிறகும் காரம் கொழுப்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். முதலில் பால் இனிப்பு, விழுங்கிய பிறகு மூக்கில் ஒரு சின்னக் குறுகுறுப்பு. காரத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கோ அந்தத் தாமதம்தான் பிடித்திருக்கிறது.

சோயா சாஸ் மிட்டாய் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடலாம். கேட்டால் முகம் சுளிப்பவர்கள் அதிகம். ஆனால் அரிசி உருண்டைகளைக் குச்சியில் குத்திச் சுட்டு, மேலே இனிப்பு சோயா பாகு ஊற்றிய மிதராஷி டாங்கோவைச் சாப்பிட்டவர்களுக்கு அது விநோதமாகப் படாது. சோயா சாஸ் மாதக்கணக்கில் நொதிக்கும்போது கேரமல் வாசம் தரும் ஃபியூரனோன் வகைப் பொருள்கள் அதில் உருவாகின்றன, வெனிலின் கூட இருக்கிறது. அதனால் வெனிலா ஐஸ்கிரீமில் சில துளி விட்டால் கேரமல் போல இருக்கும். உப்பு வேறு துணைக்கு வருகிறது. சிறிதளவு உப்பு கசப்பை அடக்கும். நாக்கின் இனிப்பு செல்களில் சிலவற்றில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வாயில் இருப்பதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சோடியம் கூட இருந்தால் குளுக்கோஸின் இனிப்பு கூடுதலாகத் தெரிகிறது.

இதுவரை பார்த்த செர்ரி இலையும் வசாபியும் இரண்டு பொருள்களைப் பிரித்து வைத்துச் சமயம் பார்த்துச் சேர்க்கின்றன. அதே வேலையைச் சிறுபிள்ளைகளின் கையில் கொடுத்த மிட்டாய் ஒன்று இருக்கிறது. பெயர் நெருநெருநெருநெ. கனெபோ நிறுவனம் 1986இல் கொண்டு வந்தது, இப்போது கிராசி என்ற பெயரில் அந்த நிறுவனம் நடக்கிறது. பாக்கெட்டுக்குள் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு சின்னக் கரண்டி, மூன்று பொட்டலம். தட்டின் ஓரத்தில் இருக்கும் முக்கோணக் கிண்ணியை உடைத்து எடுத்துத்தான் தண்ணீர் அளக்க வேண்டும்.

திராட்சை ருசியில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். முதல் பொட்டலத்தில் சர்க்கரையோடு சமையல் சோடாவும் தாவர நிறமியும். தண்ணீர் விட்டுக் கலக்கினால் நீலமான குழம்பு. இரண்டாவதில் சிட்ரிக் அமிலமும் முட்டை வெள்ளைப் பொடியும். அதைக் கொட்டிக் கலக்கியவுடன் நீலம் ஊதாவாகி, குழம்பு பொங்கத் தொடங்கும். அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டைஆக்சைடை விடுகின்றன. வெறும் தண்ணீராக இருந்தால் குமிழி வந்த வேகத்தில் உடைந்துவிடும். முட்டைப் புரதம் ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் விரிந்து படலமாகிப் பிடித்துக்கொள்வதால் நுரை நிற்கிறது. கலக்கக் கலக்கக் குமிழிகள் சிறியவையாகப் பிரியும், நுரை கெட்டிப்படும்.

நிறம் மாறுவது ஆந்தோசயனின் வகை நிறமியின் வேலை. சோடாவின் காரத்தன்மையில் (நாக்கில் எரியும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) நீலம், அமிலம் கூடக்கூட ஊதா, அப்புறம் சிவப்பு. சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மிட்டாய் கிடைக்காவிட்டால் ஊதா முட்டைக்கோஸை வேகவைத்த நீர், சமையல் சோடா, எலுமிச்சை மூன்றும் போதும், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அறிவியல் வகுப்பில் லிட்மஸ் தாளைக் காட்டிச் சொல்லும் பாடத்தை ஒரு மிட்டாய் இவ்வளவு ருசியாகச் சொல்லித்தருவதை எண்ணி நான் உண்மையிலேயே மகிழ்கிறேன். நம் ஊர் மிட்டாய்க்காரர்கள் யாராவது இப்படி ஒன்று செய்ய வேண்டும்.

மூன்றாவது பொட்டலத்தில் இருப்பது மொறுமொறுப்பான மிட்டாய்த் துகள். அதை நுரையோடு கலக்கக் கூடாது. இன்னொரு குழியில் தனியாகக் கொட்டி, நுரையைக் கரண்டியில் வழித்து அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். முன்கூட்டியே கலந்துவிட்டால் சர்க்கரைத் துகள் நுரையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரமே நமுத்துவிடும்.