டிஸ்சார்ஜ் புக்கில் எழுதாத வேலை

கோவையில் ஒரு பம்ப் தயாரிக்கும் ஆலையில் நான் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, கேட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரரை எடுத்தோம். அந்தியூர்ப் பக்கத்துக்காரர், ஹவில்தாராக ரிலீஸ் ஆகி வந்தவர். வயது 42. விண்ணப்பத்தில் 'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்று பார்த்ததும் நான் வேறெதுவும் கேட்கவில்லை. செக்யூரிட்டி சூப்பர்வைசர் என்று போட்டு, யூனிஃபார்முக்கு அளவெடுக்க அனுப்பிவிட்டேன். அவரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் வண்டி நம்பர் எழுதினார். காஸ்டிங் லோடு வந்தால் கேட்டைத் திறந்தார், போனால் மூடினார்.

மூன்றாம் வருஷம் ஸ்டோர்ஸில் கணக்கு இடித்தது. காப்பர் வயரும் பேரிங்கும் ஏட்டில் ஒரு எண், அலமாரியில் வேறு எண். ஆடிட்டுக்கு நான்கே நாள். ஆள் பற்றாமல் கேட்டில் இருந்தவரையும் எண்ணுவதற்குக் கூப்பிட்டோம். அன்று மாலை நான் போய்ப் பார்த்தபோது பேரிங் அலமாரியே மாறியிருந்தது. பழைய லாட் முன்னால், புதியது பின்னால். தட்டுக்கு ஒரு அட்டை, அதில் வந்தது, போனது, இருப்பு என்று மூன்று கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எண்ணிய பெட்டியின் மேல் சாக்பீஸில் ஒரு கோடு. வேறொருவர் மறுபடி எண்ணி அதே எண் வந்தால்தான் அதன் குறுக்கே இரண்டாவது கோடு.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"குவார்ட்டர்மாஸ்டர் ஸ்டோருல ஒம்பது வருசம் இருந்தனுங்க மேடம். அதுல ரெண்டரை வருசம் லடாக்குங்க."

லடாக்கில் ஸ்டோர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பனி விழுந்தால் சோஜி லா கணவாய் மூடிக்கொள்ளும். அவர் இருந்த காலத்தில் மாதக்கணக்கில் அந்தச் சாலையில் வண்டி வராது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பனிச்சட்டை, பூட்ஸ், மருந்து, வண்டி உதிரிபாகம் என்று அத்தனையையும் கோடையிலேயே மேலே ஏற்றி அடுக்கி வைத்துவிட வேண்டும். சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியனுக்கு எது எத்தனை நாளைக்கு வரும், எது முதலில் கெடும், எது தீர்ந்தால் உயிர் போகும் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர் இவர். அவரைத்தான் நான் வண்டி நம்பர் எழுத வைத்திருந்தேன்.

"ஏன் முதல்லயே சொல்லலீங்க?" என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலீங்களே. செக்யூரிட்டின்னீங்க, சரின்னுட்டனுங்க" என்றார்.

கேட்காதது என் தவறு. அப்புறம் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு மாறினார், சம்பளமும் மாறியது. ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேலை ஆலோசனையை நான் முழுநேரமாக எடுத்துக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம். பட்டாளத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அங்கே நீங்கள் செய்த வேலையை இங்கே இருப்பவருக்குப் புரியும் பேச்சில் சொல்லத் தெரியுமா?

கேட் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் பொறுப்போடு பார்ப்பவர் இல்லாத ஆலை எப்படிச் சீரழியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒருவர் யோசித்து எடுத்த வேலையாக இருக்க வேண்டும். 'மிலிட்டரிக்காரர்னா செக்யூரிட்டி' என்று நாம் தள்ளிவிட்டதாக இருக்கக் கூடாது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊர்கள் எங்கள் கொங்குப் பக்கம் அதிகம் இல்லை. அதனால் இங்கே முதலாளிகளுக்குப் படைக்குள் எத்தனை விதமான தொழில் நடக்கிறது என்பது தெரிவதில்லை. எல்லாரும் எல்லையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வெல்டர், எலக்ட்ரீஷியன், ரேடியோ ஆபரேட்டர், நர்சிங் அசிஸ்டென்ட், கிளார்க், சமையல்காரர் எல்லாரும் அங்கே உண்டு.

போன வருஷம் தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். நாயக், 17 வருஷம் சர்வீஸ், இ.எம்.இ. என்ற மின்னணு-இயந்திரப் பொறியியல் பிரிவு. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்த ஒரு பக்க பயோடேட்டா. அதில் அப்பா பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு, 'இந்திய ராணுவம் 17 ஆண்டுகள்', கீழே கையெழுத்து. பதினேழு வருஷத்துக்கு ஒரே வரி.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"மெக்கானிக்குங்க. அவ்வளவுதானுங்க."

பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, கடைசியாக இருந்த யூனிட்டில் ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடக்கும் என்று சொல்லச் சொன்னேன். ரோல் காலில் ஆரம்பித்தார். எத்தனை வண்டி உங்கள் கணக்கில் என்றேன். 38 என்றார். ஜெனரேட்டர்? ஆறு. குளிரில் டீசல் உறைந்தால்? எப்படிச் சூடேற்றிக் கிளப்புவார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். உங்களுக்குக் கீழே எத்தனை பசங்க? ஒன்பது பேர். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார்? "நான்தானுங்க." வண்டி ரிப்பேர் ஆவதற்கு முன்னாலேயே பார்ப்பீர்களா? "ஆமாங்க, மாசா மாசம் சார்ட் இருக்குமுங்க, கிலோமீட்டர் கணக்கு வெச்சு."

ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பக்கம் எழுதினோம். அதைச் சுருக்கி ஆலைக்காரர் பேச்சில் மாற்றினோம். 38 வாகனம், 6 டீசல் ஜெனரேட்டர், முன்கூட்டிய பராமரிப்பு அட்டவணை, ஒன்பது பேர் கொண்ட அணிக்குப் பயிற்சி, உதிரிபாக இன்டென்ட், மாத அறிக்கை. எந்த யூனிட், எந்த இடம் என்பதெல்லாம் தேவையில்லை, போடவும் கூடாது. இன்று திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஜெனரேட்டர், கம்ப்ரஸர் பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. கீழே ஐ.டி.ஐ. முடித்த நான்கு பையன்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற நேரம்தான் தனக்கு நாளிலேயே நல்ல நேரம் என்று சொன்னார். தன்னை நம்பி நாலு பேர் வேண்டும் என்பதுதான் அவர் தேடியதும்.

இனி அலுவல் விஷயங்கள். வெளியே வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியது மறுகுடியமர்வு தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.ஆர். நடத்தும் பயிற்சிகள். ஜவான்களுக்கும், அவர்களுக்கு மேல்நிலையில் இருக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் 24 வாரம் வரையிலான படிப்புகள் உண்டு. 'சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும்' என்று இதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. வந்ததும் முதல் வேலை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணிகளில் 14.5 சதவீதமும் இட ஒதுக்கீடு இருக்கிறது. வங்கிக்கான அந்த 14.5-க்குள் உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் இறந்தவர் குடும்பத்துக்குமான 4.5-ம் அடக்கம். வயது தாண்டிவிட்டது என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. இந்தப் பணிகளுக்கு உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் காலத்தையும், மேலும் 3 வருஷத்தையும் கழித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் படித்து 15 வருஷம் சர்வீஸ் முடித்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசு குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கான சான்றையும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.

நிறையப் பேருக்கு இருக்கும் ஒரு பயம், தனியார் கம்பெனியில் சேர்ந்தால் இந்த ஒதுக்கீடு போய்விடுமோ என்பது. போகாது. ஒதுக்கீட்டில் ஒரு அரசுப் பணியில் சேர்ந்த பிறகுதான் கட்டுப்பாடு வரும். அதற்கும் வழி உண்டு. சேரும்போதே ஏற்கெனவே விண்ணப்பித்த மற்ற பணிகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டால் அவற்றுக்கு ஒதுக்கீடு கிடைக்கும். தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஆலை வேலையும் பார்க்கலாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிராஜுவிட்டி, பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை, சேமிப்பு எல்லாம் ஒரே சமயத்தில் கைக்கு வரும். அந்த மாதம் வீட்டுக்கு வராத சொந்தக்காரர் இருக்க மாட்டார். சைட் ஒன்று சும்மா கிடைக்கிற விலைக்கு வருகிறது, மச்சான் தறி போடுகிறான், பங்குக்கு ரிக் வண்டி எடுக்கலாம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு முதலீடு 2012-இல் சரிந்தபோது எங்கள் பகுதியில் எத்தனை குடும்பம் மூழ்கியது என்பதை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. படையில் ஒருவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் இன்னொருவர் ராத்திரி தூங்குவார். அந்தப் பழக்கத்தோடு வெளியே வருகிறவர், வியாபாரம் பேச வருபவரையும் அப்படியே நம்பிவிடுகிறார். ஒரு வருஷத்துக்கு அந்தத் தொகையைத் தொடாமல் வைப்பில் போடுங்கள். 'டெபாசிட்ல போட்டுட்டனுங்க' என்ற ஒரு பதில் பல உறவுகளைக் காப்பாற்றியிருக்கிறது. கம்யூட் செய்த பங்கு 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக்குள் வேறு ஒரு மாற்றம் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பதினேழு, இருபது வருஷம் வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வந்தபோதெல்லாம் வீடே திருவிழா மாதிரி இருந்திருக்கும். கறி எடுத்து, மாமனார் வீட்டுக்குப் போய், கோயிலுக்குப் போய் நாள் தீர்ந்துவிடும். இப்போது நிரந்தரமாக வந்துவிட்டார். ரேஷன் கார்டிலிருந்து பையனின் பள்ளிக் கட்டணம் வரை அத்தனை வருஷமும் தனியாகப் பார்த்தது மனைவி. காலை ஐந்தரைக்கு எழுந்து 'பெட்ஷீட் ஏன் மடிக்கல' என்று இவர் ஆரம்பித்தால், அங்கே யார் சூப்பர்வைசர் என்பதில் தகராறு வராமல் என்ன செய்யும்? கோபிப் பக்கத்து அக்கா ஒருவர் என்னிடம் சொன்னது: "அவரு ஊருக்கு வந்துட்டாருங்க, ஆனா வீட்டுக்கு இன்னும் வரலீங்க." வேலை தேடுவதற்கு இணையாக இதற்கும் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கம் வராமல் இருப்பது, பட்டாசுச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடுவது, சாயங்காலமானால் பாட்டிலைத் தேடுவது எல்லாம் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அக்னிவீரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படையில் நான்கு வருஷத்துக்கு மட்டும் ஆள் எடுக்க 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணிக்கு அந்த நான்கு வருஷம் 2026 இறுதியை ஒட்டி முடிகிறது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர்கள் 25 சதவீதம் வரைதான் என்று அறிவிப்பு. மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. பணி முடியும்போது மொத்தமாகக் கொடுக்கும் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். பலருக்கு வயதோ இருபத்தைந்துகூட இருக்காது. இவர்களுக்கு நான் சொல்வது மேலே சொன்னதிலிருந்து வேறு. அந்தப் பணத்தில் கார் வாங்காதீர்கள். ஒரு பகுதியைப் படிப்புக்கு ஒதுக்குங்கள். கோவை, சேலம் இரண்டும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் வருகின்றன. சி.என்.சி., வெல்டிங், தரப் பரிசோதனை தெரிந்த, நேரத்துக்கு வரும் இளைஞனுக்கு இந்த ஊர்களில் இடம் இருக்கிறது.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் 'முன்னாள் படைவீரர்' என்று பார்த்தால் பதவியைக் கேட்டு நிறுத்தாதீர்கள். ஹவில்தார் என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, அதை உங்களுக்கு விளக்க அவருக்கும் தெரியாது. உங்கள் பொறுப்பில் என்ன இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், ஏதாவது தப்பாகப் போனபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கூடவே, இங்கே வேலை நடக்கும் விதம் வேறு என்பதை முதல் வாரத்திலேயே உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஆபரேட்டர் பையன் 'முடியாதுண்ணா' என்று முகத்துக்கு நேராகச் சொல்வான், அதை மீறலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டதால் ஆறே மாதத்தில் வேலையை விட்டுப் போன நல்ல ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வின் நகல், செய்த கோர்ஸ்களின் சான்றிதழ் எல்லாம் கொண்டு வாருங்கள். பயோடேட்டா வேண்டாம், இங்கேயே எழுதிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்து வாருங்கள். நீங்கள் லீவில் வந்தபோது வீட்டில் சொன்ன கதைகளில் நீங்களே மறந்துபோன வேலைகளை அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.