தகவமைப்பா, தகவமைவா?

கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், டியூஷன் மலையாளம். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, பிரகிருதி நிர்த்தாரணமும் இயற்கைத் தேர்வும் ஒண்ணுதானா? தேர்வுன்னா பரீட்சைதானே, அதுல தோத்த மிருகம் செத்துப்போகுமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் அவள் மேல் தப்பில்லை, உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைச் சொல்லும் இந்தப் பாடத்தில் பாதிக் குழப்பம் சொற்களிலேயே இருக்கிறது.

முதலில் பரிணாமம். பலர் இதைப் பரிமாணம் என்று மாற்றி எழுதுகிறார்கள். பரிமாணம் அளவு சம்பந்தப்பட்டது, முப்பரிமாணம் என்கிறோமே, அது. பரிணாமம் வடமொழிச் சொல். 'நம்' என்ற வேர், வளைதல், நமஸ்காரத்தில் இருக்கும் அதே வேர்தான். ஒன்று வளைந்து, திரிந்து வேறொன்றாவது பரிணாமம். சாங்கியம் என்ற பழைய தத்துவத்தைச் சேர்ந்தவர்கள் இதற்குப் பால் தயிராவதைக் காட்டுவார்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் இதே சொல்தான் என்பதால் எல்லையில் இருக்கிற எங்களுக்கு வசதி. ஆனால் உவமையில் ஒரு சிக்கல்: பாலில் அந்தப் பாத்திரத்துப் பாலேதான் தயிராகிறது. உயிரினத்தில் அப்படி இல்லை. எந்த ஒரு விலங்கும் தன் ஆயுளில் வேறொன்றாக உறைவதில்லை, தலைமுறைக்குத் தலைமுறை கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற கணக்குதான் மாறுகிறது.

அதோடு 'வளர்ச்சி'யை ஒட்டவைத்துப் பரிணாம வளர்ச்சி என்று எழுதுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது, இருட்டுக் குகை மீன்கள் சிலவற்றுக்குக் கண் போய்விட்டது. இவையும் பரிணாமம்தான், இதில் எங்கே வளர்ச்சி? படிவளர்ச்சி என்ற தமிழாக்கத்திலும் இதே ஏணி நிற்கிறது. ஈழத்தில் கூர்ப்பு என்பார்கள். தொல்காப்பிய உரியியலில் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று வரும், ஏற்கெனவே உள்ளது மிகுதல் என்று பொருள். இருப்பதிலிருந்துதான் மிகும், புதிதாக வானத்திலிருந்து எதுவும் குதிக்காது என்பதால் சொல் நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் எங்கள் பக்கம் சொன்னால் கத்தியைத் தீட்டுவதாக நினைப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் யோக்கியம் இல்லை. எவல்யூஷன் என்பது சுருட்டிய ஏட்டைப் பிரித்து விரிப்பது என்ற லத்தீனிலிருந்து வந்தது. ஏற்கெனவே எழுதிவைத்தது விரிகிறது என்றாகிவிடும் இல்லையா? டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை, அதன் வினை வடிவம் மட்டும் கடைசிச் சொல்லாக வருகிறது. மாற்றங்களோடு வழிவருதல் என்பதுதான் அவர் வழக்கமாகச் சொன்னது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. தேர்தல் என்றால் ஆராய்தல், ஆராய்ந்து எடுத்தல். அதிலிருந்துதான் ஓட்டுப் போடும் தேர்தலும் வந்தது, பரீட்சை என்ற பொருளில் தேர்வும் வந்தது. மலையாளத்து நிர்த்தாரணமும் பலவற்றில் ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான். மூன்றிலும் எடுக்கிற ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். டார்வினையும் இதே கேள்வி விடவில்லை: தேர்ந்தெடுக்க இயற்கை என்ன ஆளா என்று கேட்டார்கள், புவியீர்ப்பு கோள்களை ஆள்கிறது என்று சொல்வதில்லையா, அது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் பதில் எழுதினார். 1866இல், இதே கருத்தைத் தானும் கண்ட வாலஸ், இந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தத்துவவாதி ஸ்பென்சரின் 'தக்கன பிழைத்தல்' என்பதைப் போடுங்களேன் என்று கடிதமே போட்டார். டார்வின் அதையும் சேர்த்துக்கொண்டார், பழையதை விடவில்லை. நான் தெரிவு என்று எழுதலாம் என்பேன். தெரிதலுக்குத் தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள் உண்டு, ஆளே இல்லாமல் தானாகத் 'தெரிவதும்' உண்டு.

சரி, எனக்கு உண்மையான சண்டை தகவமைப்போடுதான், ஆங்கிலத்தில் அடாப்டேஷன் என்கிறோமே, அது. ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்று எழுதுகிறோம், ஏதோ கண்ணாடி முன் நின்று சட்டை மாற்றிக்கொண்ட மாதிரி. தமிழில் அமைந்தது வேறு, அமைத்தது வேறு. திருந்தினான், திருத்தினான் போல. அமைத்தது என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும், அதன்மேல் 'கொண்டது' சேர்ந்தால் தெரிந்தே தனக்காகச் செய்ததாகிவிடும். நான் வேலைக்காகத் துபாய் போய் அந்த வெயிலுக்குப் பழகிக்கொண்டேன் என்றால் அது பழக்கம், என் பிள்ளைக்கு அது போகாது. உயிரினத்துக்கு நேர்வது தகவமைவு. தகவமைந்தது என்று எழுதிப் பாருங்கள், ஓர் எழுத்துதான் வித்தியாசம், பாதிக் குழப்பம் போய்விடும்.

இதைப் பாட்டியிடம் நான் வயலில் கற்றேன், சொல் தெரியாமலே. நட்டு இருபது நாள் கழித்துக் களை பறிக்க இறங்குவார்கள். நெல்லோடு நெல்லாக ஒரு புல் நிற்கும், அதே பச்சை, அதே உயரம். "இது நெல்லு இல்லடா, கள்ளன். அடியப் பாரு, செவந்திருக்கு" என்று பாட்டி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். இன்னொரு வழியும் உண்டு: இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தால் நெல்லில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நிற்கும், இந்தப் புல்லில் அது இருக்காது. எத்தனை தலைமுறைக் கைகள் வேறாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கியிருக்கும்! நெல்லைப் போலத் தெரிந்தது தப்பியது, ஆயிரக்கணக்கில் விதை உதிர்த்தது, அடுத்த பூவில், அதாவது அடுத்த போகத்தில், அதன் பிள்ளைகள் இன்னும் அதிகம். புல் வேஷம் போடவில்லை. யாரும் வேஷம் போடவைக்கவும் இல்லை, பறிக்கிறவர்களுக்கு நேர்மாறான எண்ணம்தான் இருந்தது. இந்த மாதிரிப் போலித்தோற்றத்துக்கு ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

தகவு என்ற சொல்லுக்குத் தகுதி, பொருத்தம் என்று பொருள். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்ற குறளை எல்லோரும் படித்திருப்போம். எச்சம் என்பதற்கு மக்கள் என்றே பரிமேலழகர் உரை சொல்கிறார். உயிரியலிலும் தகுதியை அளப்பது விட்டுச்சென்ற சந்ததியை வைத்துத்தான், பலத்தை வைத்து அல்ல. உடனே வள்ளுவர் டார்வினுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று கிளம்பாதீர்கள், அது நடுவுநிலைமை அதிகாரம், அவர் பேசுவது நேர்மையை. சொல் மட்டும் தற்செயலாகப் பொருந்தி நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பாலக்காட்டுக் கணவாயும் இந்தக் கதையில் உண்டு. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாத வெக்கை பூமி. நீலகிரியின் சோலைக்காட்டில் வாழும் சின்ன நீலப் பறவை இதைத் தாண்டி ஆனைமலைக்கு வராது. அதனால் இரண்டு பக்கமும் தனித்தனி இனங்களாகிவிட்டன: வடக்கே இருப்பதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு, தெற்கே இருப்பதற்கு வயிறு வெள்ளை. 2017இல் இவற்றுக்கு வைத்த பேரினப் பெயர் ஷோலிகோலா, அதாவது சோலையில் வாழ்வது. நம் சோலைதான், லத்தீன் வாலோடு.

பிள்ளையின் நோட்டில் 'தகவமைந்தது' என்று திருத்திக் கொடுத்தேன். மார்க் குறைத்தால் நீங்கதான் வந்து பேசணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாட்டிக்கு இப்போது வரப்பில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. போன பூவில் ஒரு கட்டுக் களையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் கள்ளன் அடியும் பச்சையா வருது" என்றார்.