அரை மணித்தியால வேலை ஏன் அந்திவரை இழுக்கிறது?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வானைக் கராஜில் விட்டு, "எவ்வளவு நேரம் ஆகும் பாஸ்?" என்று கேட்டால் வரும் பதில் நமக்கு மனப்பாடம்: "அரை மணித்தியாலந்தான், போய் டீ குடிச்சிட்டு வாங்க." அவர் பொய் சொல்லவில்லை. பின்பக்க ஷொக் அப்சோபர் (சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் பாகம்) ஒன்றை மாற்ற மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில்தான் கழற்ற வேண்டும். இரண்டும் ஒழுங்காகக் கழன்றால் அரை மணித்தியாலமே அதிகம்.

போல்ட்டை இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட இரும்பு மறுபடி சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாக மாறும். மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும், அதாவது திருகுப் புரியிலும், உராய்வுக்கே போய்விடும். புது போல்ட்டிலேயே நிலைமை இதுதான்.

அப்புறம் துரு சேருகிறது. இரும்பு துருவானால் அதன் கனவளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். மரைகளுக்கு நடுவே வீங்க இடமேது? நட்டையும் போல்ட்டையும் நெருக்கிப் பூட்டிவிடும். மலைநாட்டில் கடல் உப்பு இல்லை, ஆனால் ஈரம் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை, இரவுப் பனிமூட்டம் போதும். வாகனங்களுக்கும் வயதாகிவிட்டது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, அதுவரை பழையவற்றையே ஓட்ட வேண்டியிருந்தது. கொழும்பில் பல வருடம் உப்புக்காற்று வாங்கிவிட்டு மலையேறி வந்த வான் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஷொக் அப்சோபரின் கீழ்ப் போல்ட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அது ஒரு ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. துரு பிடித்தால் போல்ட்டும் குழாயும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நட்டைக் கழற்றியபின் போல்ட்டைத் திருகினால் குழாயும் சேர்ந்து சுற்றும், ரப்பர் முறுகும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். கழன்றுவிட்டது என்று நினைப்போம். ஒரு மில்லிமீற்றர்கூட நகர்ந்திருக்காது.

ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு வேலைக்குப் பத்து போல்ட் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றும் சுலபமாக வருவதற்கு 95 வீத வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல வாய்ப்புத்தானே? ஆனால் பத்துமே சுலபமாக வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 வீதம்தான். சிக்கிய ஒன்றே பகலை விழுங்கிவிடும். வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்சமாவது ஐந்து நிமிடம், பிந்தினால் போவதோ பல மணித்தியாலம். அதனால் பாஸைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை, டீக்கடையில் மூன்றாவது பிளேன்டீ குடிக்கும்போதுகூட.

சிக்கிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நுண்ணிய இடைவெளியில் அது தானாக ஊர்ந்து போகும், அவசரப்படுத்த முடியாது. அடுத்தது சூடு. 12 மில்லிமீற்றர் துளையுள்ள நட்டை 300 பாகை செல்சியஸ் கூட்டிச் சூடாக்கினால் துளை விரிவது வெறும் 0.04 மில்லிமீற்றர். துருவின் பிடியை உடைக்க அதுவே பெரும்பாலும் போதும். புஷ்ஷுக்குப் பக்கத்தில் தீ காட்டினால் ரப்பர் எரியும், ஆகவே அங்கே கிரைண்டரால் வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் புது போல்ட் தேவை. அதே நீளம், அதே மரை ஊர்க் கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்துதான் வர வேண்டும். அன்றைய வேலை அதோடு சரி.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் உடலில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை குழாயோடு ஒட்டாது. சக்கர நட்டுகளில் மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாம். உராய்வு குறைந்தால் அதே முறுக்குக்குப் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். பல தயாரிப்பாளர்கள் சக்கர மரையைக் காய்ந்தபடியே வைக்கச் சொல்வது அதனால்தான்.